கேள்வி அவளுக்கு, பதில் அவருக்கு

மடிப்பக்காவின் வீட்டுக்காரர் பேச மாட்டார். ஊமை என்று நினைத்துவிடாதீர்கள், வாய் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாயிலிருந்து வருவது பெரும்பாலும் 'ம்' என்ற ஒற்றை எழுத்து. சாப்பாடு போடவா என்றால் 'ம்'. உப்பு சரியாக இருக்கிறதா என்றால் 'ம்'. உங்க அக்கா வந்து ஒரு மணி நேரம் என்னைக் குத்திக் காட்டிவிட்டுப் போனாங்க என்றால் அதற்கும் 'ம்'. நீட்டி வந்தால் சரி, வெட்டி வந்தால் வேண்டாம், மூக்கு வழியாக வந்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம். இந்தப் பாஷையை மடிப்பக்கா கல்யாணமான புதிதிலேயே கரைத்துக் குடித்துவிட்டாள். இங்கிலீஷெல்லாம் அதற்கு அப்புறம் வந்ததுதான்.

மனிதர் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் புலி. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் என்ன ஆச்சு, எப்போது நின்றது, ஏதாவது சத்தம் கேட்டதா என்று ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டார். நேராகப் போய்க் கதவில் காதை வைப்பார், கீழே குழியில் இறங்குவார், சரிசெய்துவிட்டு வந்துவிடுவார். கேள்வி கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடும் என்பது அவருடைய கட்சி. தெரியாத தெருவில் வழி கேட்கச் சொன்னால்கூடக் கேட்க மாட்டார், மூன்று தடவை சுற்றிவிட்டு வந்த இடத்துக்கே வந்து நிற்பார்.

மடிப்பக்கா இதற்கு நேர் எதிர். கேள்வி கேட்கவே பிறந்தவள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் அவருக்கு எத்தனை பிள்ளைகள், யாருக்கு என்ன உடம்பு, எந்த டாக்டர், என்ன மருந்து எல்லாம் இவளுக்கு அத்துபடி ஆகிவிடும். வேலை, ஒரு பெரிய ஹோட்டலின் தரைக்குக் கீழே இருக்கும் துணி அறையில். மாடிகளிலிருந்து அழுக்குப் படுக்கைவிரிப்புகள் ஒரு குழாய் வழியாகப் பொத்பொத்தென்று வந்து விழும். துவைத்து, உலர்த்தி, சூடான உருளைக்குள் விட்டு எடுத்ததும் மடிப்பது இவள் பொறுப்பு. நாலு மூலையும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து, ஓரம் கத்தி மாதிரி நிற்கும். அதனால்தான் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் மடிப்பக்கா.

அந்த அறையில் ஜன்னல் கிடையாது. பகலா இரவா, வெயிலா மழையா, ஒன்றும் தெரியாது. மேலேயிருந்து இறங்கி வருகிறவர்களின் செருப்பு நனைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் மழையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வருஷக்கணக்காக அப்படித்தான் அவள் மழை பார்த்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது மேனேஜர் அம்மா வந்து சேர்ந்தார். வெளிநாட்டுக்காரர், இங்கிலீஷ் தவிர வேறு பாஷை தெரியாது. குதிகால் செருப்புச் சத்தம் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் கேட்டாலே ஆட்கள் இந்தக் கோடியில் மறைந்துவிடுவார்கள். டக்டக் அம்மா என்று பெயர் வைத்தாகிவிட்டது. வந்த கொஞ்ச நாளிலேயே டக்டக் அம்மா ஒரு முடிவெடுத்தார். துணி துவைப்பதை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவது, கீழே இருக்கும் துணி அறையை மூடிவிடுவது. அங்கே இருப்பவர்களில் இரண்டொருவரை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

செய்தியைக் கொண்டுவந்தவர் இஸ்திரிக்காரர். கேட்டதும் மடிப்பக்கா மடித்துக்கொண்டிருந்த விரிப்பைப் பாதியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். இந்த வயதில் வெளியே போய் யாரிடம் வேலை கேட்பது? மடிக்கத் தெரியும் என்று சொன்னால் யார் கொடுப்பார்கள்? இருந்ததெல்லாம் ஒரே ஒரு வழி. மூன்றாம் மாடிக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும். அறைகளைச் சரிபார்க்க வேண்டும், தங்குகிறவர்களிடம் குறை நிறை விசாரிக்க வேண்டும். மற்ற எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இங்கிலீஷ் பேச வேண்டும். நேர்முகமும் டக்டக் அம்மாவோடு, இங்கிலீஷில்தான்.

மூன்றாம் மாடியில் வரிசையாக ஜன்னல்கள். அதையும் அவள் நினைத்துப் பார்க்காமல் இல்லை.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள், விஷயம் கேட்டதும் போனில் பாடங்களை அனுப்பினாள். ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல். கடையில், ரயில் நிலையத்தில், டாக்டரிடம், ஹோட்டலில், விருந்தில் என்று தினம் ஒரு உரையாடல். பெண் கேட்பாள், ஆண் பதில் சொல்வான். இரண்டு பேராக உட்கார்ந்து பேசிப் பழகினால் சீக்கிரம் வந்துவிடும், அப்பாவையும் சேர்த்துக்கொள் என்றாள் மகள்.

அப்பா சேர்ந்துகொண்டார். அதுதான் ஆச்சரியம். பெண்டாட்டியின் முகம் வாடிக் கிடந்ததை அவரும் கவனிக்காமல் இல்லை, வாயைத் திறந்து சொல்லத்தான் தெரியவில்லை. தினமும் விளக்கு வைத்த கையோடு இருவரும் மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொள்வார்கள். யார் எதைப் பேசுவது என்று பேச்சே எழவில்லை. கேட்பது அவள், பதில் சொல்வது அவர். வீட்டிலும் அப்படித்தானே நடக்கிறது.

பாடத்தின் முடிவில் அந்தப் பெண் குரல் ஒவ்வொரு தடவையும் இனிமையாக 'சேஞ்ச் ரோல்ஸ்' என்று ஏதோ சொல்லும். அது போய்வருகிறேன் என்று விடைபெறுவது என்று இருவரும் முடிவு செய்துகொண்டார்கள். மரியாதைக்கு மடிப்பக்காவும் "தேங்க் யூ, சேஞ்ச் ரோல்ஸ்" என்று திருப்பிச் சொல்வாள். அவர் போனை அணைத்துவிட்டுச் சாப்பிட எழுந்துவிடுவார்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது, கேளுங்கள். அந்த ஆண் குரல் இருக்கிறதே, அவன் பெரிய இடத்துப் பிள்ளை. ஏரிக்கரையில் மாளிகை, இரண்டு நாய், ஞாயிற்றுக்கிழமையானால் டென்னிஸ். லிஃப்ட்காரரின் வீட்டில் கட்டிலை விரிக்க வேண்டுமானால் நாற்காலியை மடிக்க வேண்டும். ஆனால் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் மனிதர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "ஐ லிவ் இன் எ பிக் ஹவுஸ் நியர் தி லேக்" என்பார். என் நாய்களுக்கு மழை பிடிக்கும் என்பார். ஒரு கேள்விக்கு நாலு வரி பதில். மடிப்பக்கா வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாள். இந்த மனுஷனுக்கு இத்தனை பேச்சு வருமா என்று அவளுக்கு நம்பவே முடியவில்லை.

விருந்துப் பாடம் வந்த அன்றைக்கு "ஹௌ இஸ் தி சூப், டியர்?" என்று கேட்டாள். சூப் எப்படி இருக்கிறது கண்ணே என்பதுதான். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல், "தி சூப் இஸ் டெலிஷியஸ், டியர். யூ ஆர் எ வொண்டர்ஃபுல் குக்" என்றார். மடிப்பக்காவுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. கல்யாணமாகி மகள் வேலைக்குப் போகும் வயது வரைக்கும் இவள் ஆக்கிப்போட்ட சோற்றைப் பற்றி இந்த மனிதர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. இங்கிலீஷில் வந்தால் என்ன, வந்ததே! அதிலிருந்து அந்தப் பாடத்தை அவள் அடிக்கடி எடுக்க ஆரம்பித்தாள். ஒருநாள் வேண்டுமென்றே கிண்ணத்தில் வெறும் வெந்நீரை ஊற்றி வைத்துக் கேட்டாள். அப்போதும் டெலிஷியஸ் என்றுதான் சொன்னார்.

வேலை முடிந்து வருகிற பாடமும் அவளுக்குப் பிடிக்கும். "ஹௌ வாஸ் யுவர் டே, டியர்?" என்று கேட்டால் அவர், "வெரி பிஸி, பட் வெரி குட், தேங்க் யூ" என்பார். இன்றைக்குப் பொழுது எப்படிப் போனது என்ற கேள்விக்கு அவள் புருஷன் பதில் சொல்கிறார்! தமிழில் கேட்டிருந்தால் 'ம்' தான். சில நாள் அவளுக்கு அந்த ஏரிக்கரை வீட்டுக்காரன் மேல் ஆசையே வந்துவிட்டது என்று சொல்லலாம், வெளியே சொல்லாதீர்கள்.

இப்படியாக மாதங்கள் போய், நேர்முகத்துக்கு முந்தின நாளும் வந்தது. மடிப்பக்காவுக்குத் தன்மேல் அபார நம்பிக்கை. எந்தப் பாடத்தை எடுத்தாலும் தடங்கல் இல்லாமல் கடகடவென்று வருகிறது. சாயங்காலம் மகள் போனில் கூப்பிட்டாள். நான்தான் உன் மேனேஜர், ஒரு தடவை பேசிப் பார்த்துவிடலாம் என்றாள். மடிப்பக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் நின்றார்.

மகள், "வேர் டூ யூ லிவ்?" என்றாள்.

எங்கே குடியிருக்கிறீர்கள், அவ்வளவுதான் கேள்வி. மடிப்பக்கா உடனே, பிசிறில்லாமல், "வேர் டூ யூ லிவ்?" என்றாள்.

"அம்மா, நான்தான் கேக்கறேன். நீ பதில் சொல்லு."

"நான்தானேடி கேக்கணும்?"

"இல்லம்மா, அவங்க கேப்பாங்க, நீதான் சொல்லணும். வேர் டூ யூ லிவ்?"

மடிப்பக்கா பேந்தப் பேந்த விழித்தாள். கேள்வி புரிகிறது, பதிலும் காதுக்குள் கேட்கிறது, ஆனால் அது தன் நாக்கில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அந்த நேரம் பார்த்து பக்கத்திலிருந்து பழக்கதோஷத்தில் அவர் சொன்னார்: "ஐ லிவ் இன் எ பிக் ஹவுஸ் நியர் தி லேக்."

போனில் மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்தபின் அழுகை வரும்போல இருந்தது. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் சேஞ்ச் ரோல்ஸ் என்று சொன்னார்களே, ஆளை மாற்றிக்கொண்டு பேசுங்கள் என்று அர்த்தம், இத்தனை மாதமும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போய்வருகிறேன் என்று நினைத்தோம் என்று சொல்ல மடிப்பக்காவுக்கு வாய் வரவில்லை. ஆக மொத்தம் ஒரு முழு இங்கிலீஷை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்குத் தேவைப்படுகிற பாதி அவரிடம் இருக்கிறது. அவரை நேர்முகத்துக்கு அனுப்ப முடியாது.

இன்னும் நேரமிருக்கிறது, இப்போதே மாற்றிப் பேசிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்தாள். இருவரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். நாற்காலியைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அவர் கேட்க வேண்டும், இவள் பதில் சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். பாடத்தில் வரும் கேள்விகள் எல்லாம் தினமும் எதிரில் உட்கார்ந்து அவர் காதில் விழுந்தவைதான். ஆனால் அந்தக் கேள்விக்குறி மட்டும் அவர் தொண்டையைத் தாண்டி வரமாட்டேன் என்றது. நெற்றியில் வேர்வை துளிர்த்ததுதான் மிச்சம்.

மடிப்பக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. பயம் ஒரு பக்கம், ஏமாற்றம் ஒரு பக்கம். எத்தனையோ வருஷமாக மடித்து உள்ளே வைத்திருந்தது எல்லாம் ஒரே உதறலில் வெளியே விழுந்தது.

"ஒரு கேள்வி கேக்க முடியலையா உங்களால? இங்கிலீஷ்ல வேண்டாம், விடுங்க. தமிழ்ல ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா? எப்படி இருக்கேன்னு கேட்டிருக்கீங்களா? சாப்ட்டியான்னு ஒரு வார்த்தை? நானேதான் கேட்டுக்கிட்டே கெடக்கறேன். நான் கேக்கறத நிறுத்திட்டா இந்த வீட்ல பேச்சுன்னு ஒண்ணு இருக்குமா?"

அவர் 'ம்' கூடச் சொல்லவில்லை. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். மடிப்பக்கா அடுப்படியில் பாத்திரங்களோடு கொஞ்ச நேரம் சண்டை போட்டுவிட்டு அவளும் போய்ப் படுத்தாள்.

காலையில் கண் விழித்தபோது அவர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். எப்போதும் அவள் எழுப்பித்தான் எழுந்திருப்பார். கோபமா வருத்தமா என்று தெரியவில்லை, 'ம்' இருந்தால்தானே பிரித்துப் பார்க்க முடியும்? அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அப்படியே கிளம்பிவிட்டாள். வழியெல்லாம் அவருடைய பதில்களைத் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு போனாள். என்ன செய்வது, கைவசம் இருந்தது அந்த ஏரிக்கரைக்காரன் சொன்ன பதில்கள்தான்.

மத்தியானத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். வரிசையில் அவளுக்கு முன்னால் போய்வந்தவர்கள் எல்லாம் இளவட்டங்கள், நன்றாகப் பதில் சொன்னோம் என்று ஒருவர் கையை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். மடிப்பக்கா கதவைத் தட்டி உள்ளே போனாள். டக்டக் அம்மா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். செருப்பு இல்லாமல் பார்த்தால் சாதாரண அம்மாவாகத்தான் இருந்தார், ஆனால் கழுத்தைத் திருப்பாமல் உடம்பு முழுவதையும் திருப்பி அவளைப் பார்த்தார்.

உன்னைப் பற்றிச் சொல் என்றார். மடிப்பக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பாடங்களில் இப்படி ஒன்று வந்ததே இல்லை. டக்டக் அம்மா கொஞ்சம் இறங்கி வந்து, சரி, உன் குடும்பத்தைப் பற்றிச் சொல் என்றார். ஃபேமிலி! இது தெரிந்த வார்த்தை. மடிப்பக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு, குடும்பப் பாடத்தில் வீட்டுக்காரர் சொல்கிற பதிலை அவர் குரலில், அவர் ராகத்தில், அப்படியே ஒப்பித்தாள்:

"ஐ லவ் மை வைஃப். மை வைஃப் இஸ் எ வொண்டர்ஃபுல் குக்."

டக்டக் அம்மா எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. நிமிர்ந்து மடிப்பக்காவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். என் மனைவி அருமையாகச் சமைப்பாள் என்று சொல்லிவிட்டோம் என்பது மடிப்பக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. பூமி பிளந்து வழிவிட்டால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பூமிக்குக் கீழேதான் அவள் வேலை செய்யும் அறையும் இருக்கிறது, இன்னும் சில நாளில் அதுவும் இருக்காது. எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். எழுந்துவிடலாம் என்று நாற்காலியின் கையைப் பிடித்தாள்.

அப்போது டக்டக் அம்மா வலது கையால் பிடரியை அழுத்திக்கொண்டு லேசாக முகம் சுளித்தார். மடிப்பக்காவுக்கு அது கண்ணில் பட்டது. ஒருவர் முகம் சுளித்தால் என்னவென்று கேட்காமல் இருக்க அவளால் முடியாது, அது வேலை போகிற நேரமாக இருந்தாலும் சரி.

"டிட் யூ ஸ்லீப் வெல்?" என்றாள்.

நன்றாகத் தூங்கினீர்களா என்று. ஹோட்டல் பாடத்தின் முதல் கேள்வி அது. பிசிறில்லாமல், சுத்தமாக வந்தது. டக்டக் அம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு, இல்லை, வந்ததிலிருந்தே இல்லை என்றார். அவர் இந்த ஹோட்டலின் மேல் மாடியில்தான் தங்கியிருந்தார். மேல் மாடிக்குப் போகிற தலையணைகள் எப்படி என்று மடிப்பக்காவுக்குத் தெரியாதா? உறை போடுவதே அவள்தானே. புதிதாக வந்தவை, கல்லில் தலை வைத்துப் படுப்பது போலத்தான்.

"இஸ் தி பில்லோ ஹார்ட்? வுட் யூ லைக் எ சாஃப்ட் பில்லோ?"

லைக், ரொம்ப லைக் என்கிற மாதிரி அந்த அம்மா தலையை ஆட்டி, ஆட்டியதில் கழுத்து வலித்து, சிரித்துவிட்டார். அவ்வளவுதான், மடிப்பக்காவுக்குப் பேருந்தில் பக்கத்து இருக்கை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். அறை அமைதியாக இருக்கிறதா என்று கேட்டாள். ஊரிலிருந்து வந்து எத்தனை நாளாயிற்று, பிள்ளைகள் உண்டா, அவர்களைப் பார்க்காமல் இருக்கக் கஷ்டமாக இருக்கிறதா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். கடைப் பாடம், டாக்டர் பாடம், விருந்துப் பாடம் எல்லாவற்றிலிருந்தும் கேள்விகள் வந்தன. வந்த பதில்களும் அவளுக்குப் புரிந்தன. மாதக்கணக்காகத் தினமும் எதிர் நாற்காலியிலிருந்து பதில்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது.

டக்டக் அம்மா மடை திறந்தாற்போலப் பேசினார். ஒரு மகளாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளை, தகப்பனோடு ஊரில் இருக்கிறாளாம். போனை எடுத்துப் படம் காட்டினார். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எல்லோரும் 'எஸ் மேடம்' சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்ட முதல் ஆள் நீதான் என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியதை மடிப்பக்கா பார்த்தாள். செருப்புச் சத்தம் கேட்டதும் தானும் தள்ளுவண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில் அந்த அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். எதற்காக இந்த வேலை வேண்டும்? இதற்கு ஏரிக்கரைக்காரனிடம் பதில் இல்லை. மடிப்பக்கா தேடிப் பார்த்து, தன் சொந்த இங்கிலீஷில், தப்போ சரியோ, முதல் தடவையாக ஒரு பதில் சொன்னாள்.

"டவுன், நோ விண்டோ. அப், விண்டோ. ஐ லைக் விண்டோ."

கீழே ஜன்னல் இல்லை, மேலே இருக்கிறது, எனக்கு ஜன்னல் வேண்டும். டக்டக் அம்மா பேனாவை மூடி வைத்தார். அந்த அம்மா கீழே ஒரு தடவைகூட இறங்கி வந்து பார்த்ததில்லை. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், ஐயோ என்றார், திங்கட்கிழமையிலிருந்து மூன்றாம் மாடிக்கு வந்துவிடு என்றார். மடிப்பக்கா எழுந்து கதவுவரை போனபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "ஸே ஹலோ டு யுவர் வைஃப்."

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்! சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வெளியே நின்றவர்களுக்கு டக்டக் அம்மா சிரிப்பார் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மடிப்பக்காவுக்கு வீடுவரை தலைகால் புரியவில்லை. முதலில் அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் கால் ஓடியது. தெருமுனை வந்ததும் முந்தின நாள் சண்டை ஞாபகம் வந்து கால் தயங்கியது. உள்ளே போனதும் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர் உட்கார்ந்திருப்பார். இவளேதான் ஆரம்பிக்க வேண்டும். வேலை கெடச்சிடுச்சுங்க என்றால் நீட்டி ஒரு 'ம்' வரும். இன்றைக்கு அதைக் கேட்க அவளுக்கு மனம் இல்லை. அவராகக் கேட்காமல் வாயைத் திறப்பதில்லை என்று வைராக்கியமாக உள்ளே போனாள்.

அவர் மேஜையில் இருந்தார், அவளுடைய நாற்காலியில். போன் முன்னால் இருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். ஒரு கையால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"சேஞ்ச் ரோல்ஸ்" என்றார். எச்சிலை விழுங்கினார். "ஹௌ வாஸ் யுவர் டே, டியர்?"

அவளுக்குப் பதில் தெரியும். வெரி பிஸி, பட் வெரி குட், தேங்க் யூ. எத்தனை நாள் கேட்டிருக்கிறாள்! "வெரி பிஸி" என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை, அழுகைதான் வந்தது. வேலை கிடைக்கவில்லை என்று நினைத்து அவர் பதறிவிட்டார். கெடச்சிடுச்சு, கெடச்சிடுச்சு என்று அவள் கையை ஆட்டிச் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். தலையணை, டக்டக் அம்மாவின் மகள், ஜன்னல், ஒன்று விடவில்லை. என் மனைவி அருமையாகச் சமைப்பாள் என்று ஒப்பித்ததைச் சொன்னபோது மனிதர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் பல் அத்தனையும் தெரிய அவள் பார்த்தது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை.

சிரித்து ஓய்ந்தபின், யாரும் கேட்காமலே, அவரும் ஒன்று சொன்னார். மறுபடி சொல்கிறேன், யாரும் கேட்காமலே. காலையிலிருந்து லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு அந்த ஒரு கேள்வியைத்தான் சொல்லிப் பார்த்தாராம். அதற்கிடையில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்று ஒரு அம்மா உள்ளே மாட்டிக்கொண்டாராம்.

"எப்பவும் பேசாமத் தெறந்து விட்டுருவேன். இன்னிக்கு வெளிய நின்னு, பயமா இருக்கான்னு கேட்டேன். அந்தம்மா அதுவரைக்கும் அழுதுக்கிட்டு இருந்தாங்க. கேட்டதும் நிறுத்திட்டாங்க. கதவு தெறக்கற வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "நீயும் அந்த மாதிரி உள்ளயே மாட்டிக்கிட்டு இருந்திருக்கியோன்னு நெனச்சேன்."

மடிப்பக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை இங்கிலீஷ் இல்லை, போன் இல்லை, பாடம் இல்லை.

"சாப்ட்டியா?"

காலையிலிருந்து அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. அதைச் சொன்னால் மறுபடி அழுகை வந்துவிடும். "ம்" என்றாள்.

அது நீட்டி வந்ததா, வெட்டி வந்ததா, மூக்கு வழியாக வந்ததா என்று அவர் தலையைச் சாய்த்து, லிஃப்ட் கதவில் காதை வைப்பதுபோலக் கவனமாகக் கேட்டார். நம்பவில்லை.

"என்ன சாப்ட்ட?" என்றார்.